கற்றாழைக்கு ஒரு செம்பு தண்ணீர்

அக்டோபர் 14, செவ்வாய்

ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து மறுபடி நாட்குறிப்பு எழுத உட்கார்ந்திருக்கிறேன். தீயணைப்பு நிலையத்தில் இருந்தவரை இது தினசரி வேலை. ஒன்றுமே நடக்காத நாளிலும் ‘நிலைமை சாதாரணம்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாவிட்டால் அன்றைக்கு நிலையமே இல்லை என்று அர்த்தம்.

சீனியம்மாள் காலையில் மதுரைக்குப் போய்விட்டாள். ஒரு சின்ன ஆபரேசன். அவள் தங்கை பேச்சியம்மாள் மதுரையில் இருந்து வந்து கூட்டிக்கொண்டு போனாள். நானும் கிளம்பினேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மகன் வெளிநாட்டில் இருக்கிறான், அவனிடமும் மூச்சு விடக்கூடாதாம்.

என்னை வேண்டாம் என்றதற்குக் காரணம் போன வாரம் அதே ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு சம்பவம். ஸ்கேன் எடுக்க அவள் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு உட்கார முடியவில்லை. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவிகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். எல்லாம் தேதி முடிந்தவை. அவசர வழிக் கதவாவது திறக்கிறதா என்று தள்ளிப் பார்த்தேன். திறந்தது. அதோடு மணியும் அடித்தது. மூன்று மாடி நோயாளிகளும் வாசலுக்கு வந்துவிட்டார்கள், சிலர் குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு. யாரும் இடித்துக்கொள்ளவில்லை, மிக ஒழுங்காக இறங்கினார்கள். அதை யாரும் பாராட்டவில்லை.

“உங்கள வச்சு வைத்தியம் பார்க்க முடியாது” என்றாள் சீனியம்மாள். பிறகு பை ஜிப்பை இழுத்துக்கொண்டே, “நான் கண்ணு முழிக்கும்போது உங்க மூஞ்சி எதுக்க இருக்கக் கூடாது. நீங்க பயப்படுறது அப்படியே தெரியும்” என்றாள்.

நான் பயப்படுகிறேனாம். முப்பத்திரண்டு வருடம் தீயணைப்புத் துறை. தீப்பெட்டி ஆலைக்குள் போய் ஆளைத் தூக்கி வந்தவன்.

வீட்டுப் பொறுப்பு என்று ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். மாடிப் படிக்கட்டில் எட்டுத் தொட்டி சோற்றுக்கற்றாழை வைத்திருக்கிறாள்.

“அதுகளப் பத்திரமாப் பார்த்துக்கோங்க. தண்ணி ஊத்தணும். மண்ணத் தொட்டுப் பார்த்து, காஞ்சிருந்தா ஒரு செம்பு.”

தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று எனக்கே சொல்லித் தருகிறாள்.

அக்டோபர் 15, புதன்

மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருப்பதாகவும் சொல்லலாம், காயவில்லை என்றும் சொல்லலாம்.

பேச்சியம்மாள் போன் செய்தாள். “அத்தான், அட்மிட் பண்ணியாச்சு. ரத்தம் எல்லாம் எடுத்துட்டாங்க. நாளைக்குக் காலையில ஆபரேசன். பொம்பளைங்க வார்டு, ராத்திரி என்னைத் தவிர யாரையும் விட மாட்டாங்க. நீங்க நிம்மதியா இருங்க.”

நிம்மதியாகத்தான் இருக்கிறேன். மறுபடி மண்ணைத் தொட்டேன். இந்தத் தடவை காய்ந்திருந்தது. தொட்டிக்கு ஒரு செம்பு ஊற்றினேன். எந்தச் செம்பு என்று அவள் சொல்லவில்லை. வீட்டில் மூன்று அளவில் இருக்கிறது. பெரியதை எடுத்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

காலையில் சாத்தூர் வரை போய் வந்தேன். காராச்சேவு வாங்கத்தான் போனேன். மதுரை பஸ்ஸில் ஏறியதால் கண்டக்டர் மதுரைக்கே டிக்கெட் கிழித்துவிட்டார், நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாத்தூரில் பஸ் நின்றபோது அவள் சொன்னது ஞாபகம் வந்தது. இறங்கிக் காராச்சேவு வாங்கிக்கொண்டு எதிர்ப் பக்கம் போய் நின்றேன். எங்கள் ஊர் கோவில்பட்டியிலேயே காராச்சேவு கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மதியம் போன். ஆபரேசன் முடிந்தது, இன்னும் மயக்கம் தெளியவில்லை. தண்ணீர் ஊற்றினேன்.

சாயங்காலம் போன். மயக்கம் தெளிந்தது. முதல் வார்த்தையாக, “அவரு கேஸ மூடினாரான்னு கேளு” என்றாளாம். மூடித்தான் இருந்தது. இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு தண்ணீர் ஊற்றினேன். இன்று வெயில் அதிகம்.

(வெயில் இல்லை. மேகமூட்டம். தவறான பதிவைத் திருத்துவது முறை.)

அக்டோபர் 17, வெள்ளி

பேச்சியம்மாள் காலையிலேயே பேசினாள். உள்ளே இருந்து எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம். முடிவு வரப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதைக் கட்டி என்று சொன்னாள். இத்தனை நாளும் என்னிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, கர்ப்பப்பைக் கோளாறு என்றுதான் சொல்லி வந்தார்கள்.

“பயப்பட ஒண்ணும் இல்ல அத்தான். எல்லாருக்கும் அனுப்புறதுதான். பயப்பட ஒண்ணும் இல்ல.”

ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

செம்பு போதவில்லை. தோட்டத்துக் குழாயில் ரப்பர் டியூபைச் செருகி மேலே கொண்டுபோனேன். நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் தண்ணீர் விசிறிபோல் விழும், அது கைப்பழக்கம். மேல் படியில் இருந்து தொடங்கிக் கீழே வந்தேன். எட்டுத் தொட்டியும் நிரம்பி வழிந்தன.

மாடி போர்ஷனில் குடியிருக்கும் எப்சிபா டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வந்தவர், படிக்கட்டில் ஓடிய தண்ணீரைப் பார்த்துச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

“அண்ணாச்சி, எங்கயும் தீ புடிச்சிருக்கா?”

“இல்ல டீச்சர். செடிக்குத் தண்ணி.”

“கத்தாழைக்கா? அது தண்ணி இல்லாத காட்டுல கிடக்குற செடி அண்ணாச்சி. இவ்வளவு ஊத்தினா அழுகிப் போயிரும். அக்கா மாசத்துக்கு மூணு தடவை ஊத்தினாலே பெருசு.”

தண்ணீரைப் பற்றி எனக்கு இருக்கும் அனுபவத்தை அவரிடம் சுருக்கமாக எடுத்துச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அக்டோபர் 18, சனி

ஆச்சரியமான விஷயம். டீச்சர் மனம் மாறிவிட்டார். நான் டியூபோடு நிற்பதைப் பார்த்து, “ஊத்துங்க அண்ணாச்சி, நல்லா ஊத்துங்க” என்றார். நான் சொன்னதை யோசித்துப் பார்த்திருப்பார். படித்தவர்களிடம் இதுதான் நல்ல குணம், விளக்கிச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். போகும்போது சாயங்காலம் மீன்குழம்பு தருவதாகச் சொன்னார். தந்தார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பணியில் இருந்த காலம் முழுக்க ஒரு தீபாவளிக்கும் நான் வீட்டில் இருந்தது கிடையாது. அன்றைக்குத்தான் எங்களுக்கு ஓய்வில்லாத வேலை. ஓலைக்கூரை, வைக்கோல் படப்பு, ராக்கெட் விழுந்த துணிக்கடை என்று ஓடிக்கொண்டே இருப்போம். சீனியம்மாள் வருடம் தவறாமல் ஒரு தூக்குவாளியில் அதிரசம் கொண்டுவந்து நிலைய வாசலில் கொடுத்துவிட்டுப் போவாள். வண்டி வெளியே போயிருந்தால் காவலுக்கு இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போவாள்.

இப்போது நான் வீட்டில் இருக்கிறேன், அவள் இல்லை.

போன் செய்தேன். தூங்குகிறாள் என்றாள் பேச்சியம்மாள்.

தெருப்பிள்ளைகளின் வெடியால் ஆபத்து வரலாம் என்பதால் செடிகளை முன்னெச்சரிக்கையாக நனைத்து வைத்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

நிலைமை சாதாரணம். தண்ணீர் ஊற்றினேன்.

அக்டோபர் 23, வியாழன்

ஆஸ்பத்திரியில் இருந்து விட்டுவிட்டார்கள். சீனியம்மாள் இப்போது பேச்சியம்மாள் வீட்டில் இருக்கிறாள். முதல் தடவையாக அவளே பேசினாள். குரல் சன்னமாக இருந்தது.

“சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்.”

“என்ன?”

“காராச்சேவு.”

“காலையில?”

“காலையிலதான்.”

பிறகு, “செடி எப்படி இருக்கு?” என்றாள்.

“நல்லா இருக்கு. தளதளன்னு இருக்கு.”

இது முழுப் பொய் இல்லை. இலைகள் உண்மையிலேயே தளதளவென்றுதான் இருக்கின்றன. தொட்டால் விரல் உள்ளே போகிறது. நிறம் மட்டும் பச்சையில் இருந்து மஞ்சளுக்கும் மஞ்சளில் இருந்து பழுப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறது. தண்ணீர் பற்றாமல்தான் இப்படி ஆகியிருக்க வேண்டும்.

“வந்து பார்க்கட்டுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம். முடிவு வரட்டும். நீங்க இங்க வந்தா என்னைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பீங்க.”

வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன். போனை வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

அக்டோபர் 25, சனி

விபத்து. காலையில் மூன்றாம் படித் தொட்டியில் இருந்த பெரிய கற்றாழை தானாகச் சாய்ந்து கிடந்தது. நிமிர்த்தலாம் என்று பிடித்தேன். வேர் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் கூழாகியிருந்தது. நாற்றம் வேறு. அடுத்ததைத் தொட்டேன், அதுவும் வந்தது. அதற்கு மேல் தொடுவதற்குக் கை வரவில்லை.

படியிலேயே உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தபோது வாசல் நிலைக்கு மேலே கண் போனது. திருஷ்டிக்காகச் சீனியம்மாள் போன சித்திரையில் ஒரு கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். மண் கிடையாது. தண்ணீர் கிடையாது. வேர் காற்றில் ஆடுகிறது. அதன் பக்கவாட்டில் ஒரு குட்டி புதிதாக முளைத்து, ஆரோக்கியமாக வானத்தைப் பார்த்து வளைந்துகொண்டிருக்கிறது. இந்த ஆறு மாதத்தில் அதற்கு யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

டீச்சர் துணி காயப்போட வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். செத்த செடியைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அண்ணாச்சி, ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்கிட மாட்டீங்களே?”

“சொல்லுங்க டீச்சர்.”

“மதுரையில இருந்து போன் வந்தா, நீங்க நேராச் செம்பத்தான் எடுக்கீங்க. போன் வராட்டாலும் எடுக்கீங்க. நான் மேல இருந்து பார்த்துக்கிட்டுத்தான இருக்கேன்.”

அப்படி எல்லாம் இல்லை, தற்செயலாக இருக்கும் என்று விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பேச்சியம்மாள். தையலில் லேசாக நீர் கோத்திருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வேறொன்றும் இல்லை என்றாள். பேசி முடித்துத் திரும்பினால் டீச்சர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கையில் செம்பு இருந்தது.

எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. டீச்சர் மெதுவாக அதை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்.

அக்டோபர் 26, ஞாயிறு

மீட்புப் பணி. டீச்சர் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து கூடவே நின்றார். எட்டுத் தொட்டியையும் கவிழ்த்தோம். சேறு கொட்டியது. மூன்று செடிகள் முழுக்கப் போய்விட்டன, அவற்றுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஐந்தில் நடுத்தண்டு மட்டும் கெட்டியாக இருந்தது. அழுகிய வேரையும் இலையையும் சுத்தமான கத்தியால் வெட்டி எடுத்தேன்.

“இனி ஒரு வாரம் நிழல்ல கிடந்து காயணும். வெட்டுவாய் ஆறணும். அதுக்கப்புறம் மணல் கலந்த மண்ணுல வச்சாப் போதும்” என்றார் டீச்சர். “அதுவரைக்கும் தண்ணி கிண்ணின்னு கிட்டயே போயிராதீங்க.”

நிழலான, காற்றோட்டமான இடம் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. சீனியம்மாளின் கட்டில். பழைய வேட்டியை விரித்து ஐந்தையும் வரிசையாகப் படுக்க வைத்தேன். மின்விசிறியை ஒன்றில் வைத்தேன். டீச்சர் எட்டிப் பார்த்து, “பொம்பளைங்க வார்டு மாதிரியே இருக்கு” என்றார்.

நான் நாற்காலியைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இந்த வார்டில் என்னை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

மழை. காய்ந்து கிடந்த ஊருக்கு நல்ல மழை. தெருவே சந்தோசமாக இருக்கிறது. நான் ஜன்னல்களைச் சாத்தி, சாரல் படாமல் கட்டிலைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டேன். தண்ணீரை உள்ளே விடாமல் காவல் காப்பது எனக்குப் புதிய வேலை.

நோயாளிகள் நிலை: ஐவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

அக்டோபர் 29, புதன்

பேச்சியம்மாள் மதியம் பேசினாள். பக்கத்தில் சீனியம்மாள் இல்லாதபோது பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிந்தது.

“அத்தான், ரிசல்ட் வந்திருச்சாம். நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லிருக்காங்க.”

“சரி.”

“டாக்டரு... வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாராம். அக்கா உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னுட்டா. எனக்குச் சொல்லாம இருக்க முடியல.”

“நீ சொன்னது சரிதான். வாரேன்.”

போனை வைத்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஊற்றுவதற்கு ஒன்றும் இல்லை. எல்லாம் கட்டிலில் உலர்ந்துகொண்டிருக்கின்றன. சட்டைக்கு இஸ்திரி போட்டேன். அதே சட்டைக்கு மறுபடியும் போட்டேன்.

எங்கள் துறையில், கணவனைக் கூட்டி வா என்று சொல்லிவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நானே எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

மதுரையில் இருந்து திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடும்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த காவலாளிக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. “சார், கதவு எதையும் தொட மாட்டீங்கல்ல?” என்று கேட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். அவர் சந்தேகத்தோடு முதல் மாடி வரை கூடவே வந்தார்.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் சீனியம்மாள் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் பேச்சியம்மாளைத் திரும்பிப் பார்த்து ஒரு முறை முறைத்தாள். பேச்சியம்மாள் காபி வாங்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். பயப்படுவது முகத்தில் தெரியக்கூடாது என்று எதிர்ச் சுவரைப் பார்த்தேன். ஏதாவது பேச வேண்டும். வாய் திறந்தால் வேறு என்னவோ வந்துவிடும்போல் இருந்தது. அதனால் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“சீனி, உன் செடி மூணு செத்துப் போச்சு.”

“தெரியும்.”

“அஞ்சு உன் கட்டில்ல படுத்திருக்கு.”

“அதுவும் தெரியும். டீச்சர் போட்டோ எடுத்து அனுப்பினாங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

“ரப்பர் டியூபோட நிக்கீங்கன்னு டீச்சர் அன்னைக்கே போன் போட்டுட்டாங்க. தடுக்கவான்னு கேட்டாங்க. விடுங்க டீச்சர், ஊத்தட்டும், செடி போனா வேற வச்சுக்கிடலாம், அந்த மனுசனுக்குக் கையில ஏதாவது இருக்கணும்னு நாந்தான் சொன்னேன்.”

“பத்திரமாப் பார்த்துக்கோங்கன்னு சொன்னியே.”

“கத்தாழைய யாருங்க பத்திரமாப் பார்ப்பா? ரோசாச்செடி இருந்துச்சுல்ல பின்னால, அத டீச்சர்ட்ட ஒப்படைச்சுட்டுத்தான் வந்தேன். எதக் குடுத்தா நீங்க கொல்ல முடியாதுன்னு யோசிச்சு யோசிச்சு அத உங்களுக்கு விட்டேன். அதையும்...”

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. முதலில் அழுகிறாள் என்று நினைத்துவிட்டேன். சிரிக்கிறாள். வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

“என்னையப் பார்க்காதீங்க. அந்தப் பக்கம் திரும்புங்க. தையல் இழுக்குது.”

திரும்பினேன். திரும்பியும் பயனில்லை, பெஞ்சு குலுங்கிக்கொண்டே இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். கொஞ்சம் அடங்கியதும் அவளே என் கைமேல் கையை வைத்தாள். முப்பது வருடத்தில் நாலு பேர் முன்னால் அவள் அப்படிச் செய்தது இல்லை. விரல் சில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவளுக்கும் பயம்தான். என் முகத்தைப் பார்த்தால் அவள் பயம் அவளுக்கே தெரிந்துவிடும் என்றுதான் என்னைத் தள்ளியே வைத்திருக்கிறாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் இளவயது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. “சாதாரணக் கட்டிதான். கேன்சர் இல்ல. எடுத்தாச்சு, முடிஞ்சது” என்றார். ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

“அப்ப வீட்டுக்காரரக் கூட்டிட்டு வரச் சொன்னது?” என்று கேட்டது நான்தான். என் குரல் மாதிரி இல்லை.

“எல்லா வீட்டுக்காரரையும் வரச் சொல்லுவேன் சார். மூணு மாசத்துக்கு இவங்க தண்ணிக் குடம் தூக்கக் கூடாது. பொம்பளைங்ககிட்டச் சொன்னா வீட்டுல போய்ச் சொல்ல மாட்டாங்க. தூக்கிட்டு மறுபடி இங்கயே வருவாங்க. அதான் உங்ககிட்ட நேராச் சொல்றேன். தண்ணி எடுக்குற வேலை இனி உங்களுது. முடியுமா?”

“அவருக்கு அது நல்லா வரும் டாக்டர்” என்றாள் சீனியம்மாள்.

நாளைக்கு மறுநாள் வாடகைக் கார் வைத்து அவளைக் கூட்டி வருவதாக முடிவு. அதற்குள் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். மாத்திரைச் சீட்டோடு பேச்சியம்மாள் மருந்துக்கடைக்குப் போனாள். சீனியம்மாளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். பஸ்ஸில் வந்த புழுதி.

நடையின் கோடியில் கைகழுவும் இடம் இருந்தது. குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்தேன். புழுதி போகவில்லை. மறுபடி அடித்தேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக் குனிந்தபடி நின்றேன், தண்ணீர்ச் சத்தம் இருந்தால் வேறு சத்தம் வெளியே கேட்காது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. நிமிரலாம் என்று நினைக்கும்போதெல்லாம் மறுபடி குனிய வேண்டியிருந்தது.

பின்னால் டம்ளர் கழுவ வந்த ஒரு அம்மா வெகுநேரம் பொறுத்துப் பார்த்திருக்கிறார்.

“அண்ணே, எல்லாம் சரியாப் போகும்ணே” என்றார். கொஞ்சம் விட்டு, “ஆனா அந்தக் குழாய மூடிக்கிட்டு அழுங்க. தண்ணி வீணாப் போகுது” என்றார்.

மூடினேன்.